பகல் பதினொரு மணிக்கு நோன்பு திறந்தேன்

மூன்று வருடங்களுக்கு முன், ரமலான் மாதத்தின் முதல் நாள் நடந்தது இது. நான் தேக்காவில் துணிக்கடை வைத்திருப்பவன். அப்போது எனக்கு புராஸ்டேட் புற்றுநோய், ஆரம்பக் கட்டம். தினமும் புக்கிட் மேரா வீட்டிலிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், கதிர்வீச்சு எடுத்துக்கொண்டு அப்படியே கடைக்குப் போய்விடுவேன். வலியே கிடையாது. ஒரே நிபந்தனைதான்: முன்கூட்டியே மூன்று கப் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் குடல் கதிர் படாமல் தள்ளி நிற்குமாம்.

“நோயாளிக்கு நோன்பு கடமையில்லங்க, பிறகு பிடிச்சுக்கலாம்” என்று மனைவி படித்துப் படித்துச் சொன்னாள். எனக்கோ, சின்ன வயதிலிருந்து ஒரு நோன்புகூட விட்டதில்லை என்ற வீறாப்பு. “சும்மா துணைக்குச் சாப்பிடுறேன்” என்று விடியுமுன் அவளோடு சஹர் சாப்பிட்டு, வயிறு முட்டத் தண்ணீரும் குடித்தேன். அவளுக்குத் தெரியாமல் நோன்பும் பிடித்து, அதையே அடக்கிக்கொண்டு போய்விடலாம் என்று திட்டம். என்ன புத்தி பாருங்கள்! பஸ் ஏறும் முன்பே கழிப்பறைக்கு ஓட வேண்டியதாகிவிட்டது.

கதிர் பாய்ச்சும் முன் இயந்திரம் படம் பிடிக்கும். அதைப் பார்த்துவிட்டு, சிகிச்சை கொடுக்கும் தமிழ்ப் பெண் உள்ளே வந்தாள்.

“அங்கிள், பை காலியா இருக்கே. தண்ணி குடிச்சீங்களா?”

“குடிச்சேன்மா.”

நோன்பு வாயால் பொய்! பாவம், அவள் நம்பி, டாக்டரைக் கேட்டு, இன்னொரு படமும் எடுத்துப் பார்த்தாள். கடைசியில் கீழே இறக்கிவிட்டாள். “இன்னும் குடிச்சிட்டு வெயிட் பண்ணுங்க அங்கிள். அன்னன்னைக்கு உடம்பு எப்படி இருக்கோ, அதுக்கு ஏத்த மாதிரி பிளானை மாத்திக்கிற மெஷினெல்லாம் வந்துக்கிட்டு இருக்கு. இங்க வர்ற வரைக்கும் நாமதான் மெஷினுக்கு அட்ஜஸ்ட் பண்ணணும் லா.”

வெளியே வந்தால், எனக்கு அடுத்த முறைக்காரரான சீனப் பெரியவர் கழிப்பறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவருக்கும் என் வியாதிதான். தண்ணீர் குடித்துவிட்டு நேரத்துக்குத் தயாராக இருந்த மனிதர், நான் செய்த தாமதத்தில் அடக்க முடியாமல் ஓடியிருக்கிறார். இனி அவரும் முதலிலிருந்து குடித்துக் காத்திருக்க வேண்டும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

என் காய்ந்த உதட்டைப் பார்த்து, “நோன்பா?” என்று மலாயில் கேட்டார். இரண்டாவது பொய் வாயில் வரவில்லை. தலையாட்டினேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ நேரே போய் இரண்டு காகிதக் கப்பில் தண்ணீர் பிடித்து வந்து, ஒன்றை என்னிடம் நீட்டினார். “எனக்கும் முதல்லேருந்துதான். வா, சேர்ந்தே குடிப்போம்.”

மணி பதினொன்று. பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தேன். ஆளுக்கு மூன்று கப். பிறகு இரண்டு கிழவர்களும் காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அந்தப் பெண் வந்து கூப்பிட்டபோது உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, அவரை முதலில் அனுப்பச் சொன்னேன்.

சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறேன். விட்ட நோன்புகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து முடித்துவிட்டேன். இன்றைக்கும் நோன்பு திறக்கையில் முதல் மிடறு தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது, என்னால் அவதிப்பட்டும் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்த அந்த மனிதருக்காக ஒரு துஆ கேட்டுவிட்டுத்தான் பேரீச்சம்பழத்தைக் கடிக்கிறேன்.