எல்லோருக்கும் இடம் கிடைத்த ஆண்டு

அமெரிக்காவில், சுகர் லேண்டில் நாங்கள் வீடு வாங்கியது பள்ளிக்கூடத்துக்காக. சமையலறை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, அந்தத் தெரு எந்த உயர்நிலைப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்று என் கணவர் கேட்டார். வீட்டைக் காட்ட வந்த தமிழ்ப் பெண்மணி, "அதுக்குத்தானே சார் இங்க கூட்டிட்டு வந்தேன். இந்த ஸ்கூல்ல படிச்சா காலேஜ் கன்ஃபர்ம்," என்றார். கூரை ஒழுகுமா என்று யாரும் கேட்கவில்லை. முதல் மழையிலேயே ஒழுகியது.

அப்போது எங்கள் மகள் எட்டாம் வகுப்பு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள். கிரீன் கார்டு வந்த பிறகு, பக்கத்து ஊரில் இருந்த ஒரு கம்யூனிட்டி காலேஜில் அரை நாள் வேலை கிடைத்தது. கற்றுக்கொடுக்கும் வேலை இல்லை. அங்கே சேர வருகிறவர்களுக்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒரு தேர்வு வைப்பார்கள். பென்சில் கொடுப்பது, கால்குலேட்டரை வாங்கி வைத்துக்கொள்வது, மதிப்பெண் தாளை அச்சடித்துத் தருவது ஆகியவை என் பொறுப்பு. அந்தத் தேர்வில் யாரும் தோற்பதில்லை. அந்தக் கல்லூரி யாரையும் திருப்பி அனுப்பாது. மதிப்பெண் குறைந்தவர்களைப் பள்ளிப் பாடத்தையே மறுபடி நடத்தும் வகுப்பில் போடுவார்கள். அந்த வகுப்பு பட்டத்துக்குக் கணக்கில் சேராது.

ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பின்னக் கணக்கைப் பார்த்து விழிப்பதை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் பலர் எங்கள் ஊர்ப் பள்ளியின் பெயர் பொறித்த டி ஷர்ட் போட்டிருப்பார்கள். பாவம், இவர்கள் ஒழுங்காகப் படிக்காத பிள்ளைகள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பென்சிலை நீட்டுவேன்.

என் மகள் அப்படியில்லை. அவளுடைய ரிப்போர்ட் கார்டு முழுக்க ஏ. அந்த ஏக்கள் எப்படி வந்தன என்று எனக்குத் தெரியாமலும் இல்லை. வகுப்புக்கு மூக்குத் துடைக்கும் காகிதப் பெட்டி இரண்டு கொண்டுபோனால் கூடுதல் மதிப்பெண். கணக்கு வீட்டுப்பாடத்தைச் செய்திருந்தால் போதும், விடை சரியாக இருக்க வேண்டியதில்லை. சோதனையில் குறைந்தால் திருத்தி எழுதிக் கொடுத்து, போன மதிப்பெண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் பிள்ளைகளை நோகடிக்காமல் படிக்கவைக்கிறார்கள் என்று ஊருக்கு போன் பண்ணும்போது பெருமையாகச் சொன்னேன். காகிதப் பெட்டிகளை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

அவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஜனவரியில், எங்கள் கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட விண்ணப்பக் கட்டுகள். எல்லாம் என் மகளுடைய பள்ளியிலிருந்து. ஆங்கில வகுப்பில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, சீனியர், அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் உட்காரவைத்து நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. எங்களுக்கு யாரை எடுப்பது, யாரை விடுவது என்ற தொல்லை கிடையாதே. அடுத்த வாரமே எல்லோருக்கும் வாழ்த்துக் கடிதம் போனது. உறையில் போட்டு ஒட்டியவர்களில் நானும் ஒருத்தி.

மூன்றாம் நாள் அதில் ஒன்று எங்கள் வீட்டுக்கே வந்தது. மகள் பிரித்துப் படித்துவிட்டு, "அம்மா, யூ கைஸ் ஆக்செப்டட் மீ," என்றாள்.

"நீ எதுக்குடி அப்ளை பண்ணின?"

"வீ ஹேட் டு. இட் வாஸ் ஃபார் எ கிரேடு." நிரப்பிக் கொடுத்தால் ஆங்கில வகுப்பில் மதிப்பெண்ணாம்.

ஏப்ரலில் பள்ளி வாசலில் இருந்த பலகையில் பெரிய எழுத்துகள் ஏறின. இந்த ஆண்டு சீனியர் மாணவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அனைவருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதாம். பள்ளிப் பட்டமளிப்பு விழாவில் பிரின்சிபல் அதையே மேடையில் சொன்னபோது பெற்றோர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் கணவரும் எழுந்தார். "கிளாப் பண்ணு," என்று என்னை இடித்தார். தட்டினேன். நான் எச்சில் தொட்டு ஒட்டிய உறைகளுக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன் கிடைத்ததில்லை.

மகளுக்கு ஒரு பெரிய ஸ்டேட் யுனிவர்சிட்டியிலும் இடம் கிடைத்திருந்தது. பயாலஜி படித்து டாக்டராவதாகத் திட்டம். வீட்டில் பார்ட்டி வைத்தோம். ஸ்டெதஸ்கோப் வரைந்த கேக். ஜூனில், புது மாணவர்களுக்கு வைக்கும் இரண்டு நாள் ஓரியன்டேஷனுக்காக அவளைக் கொண்டுபோய் விட்டோம். மறுநாள் மதியம் போன் வந்தது.

"அம்மா, தே கேவ் அஸ் எ மேத் டெஸ்ட். நோ கால்குலேட்டர்."

"சரி, எப்படிப் பண்ணின?"

"தே புட் மீ இன் பேபி மேத்."

பள்ளிக் கணக்கையே மறுபடி நடத்தும் வகுப்பு என்று எனக்கு உடனே புரிந்தது. மற்றவர்களின் பிள்ளைகளுக்கு அதே செய்தியை வருடக்கணக்கில் அச்சடித்துக் கொடுத்தவள் நான். என் கணவருக்குத்தான் புரியவில்லை. அவர் எண்ணெய் கம்பெனியில் இன்ஜினியர். எதுவும் சரியாக வரவில்லையென்றால் கருவியில் கோளாறு என்று சொல்லிப் பழகியவர். "கம்ப்யூட்டர்ல ஏதோ மிஸ்டேக். ஏ வாங்கின பொண்ணு எப்படி ஃபெயில் ஆவா?" என்றார். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு பிள்ளைகளின் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் பள்ளிக் கவுன்சிலரைப் பார்க்கப் போனார்.

கவுன்சிலர் அன்பானவர். மிட்டாய்க் கிண்ணத்தை எங்கள் பக்கம் நகர்த்தினார். என் கணவர் விஷயத்தைச் சொன்னதும், உங்கள் மகளுக்கு எத்தனை கல்லூரிகளில் இடம் கிடைத்தது என்று கேட்டார். மூன்று என்றார் இவர். "அற்புதம்," என்றார் அவர். கணக்கு தெரியவில்லையே என்று இவர் மறுபடி ஆரம்பித்தார். பிள்ளைகளைக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பள்ளியின் பணி, உள்ளே போன பிறகு நடப்பது கல்லூரியின் பணி என்று அவர் பொறுமையாக விளக்கினார். கோபமோ வெட்கமோ அந்த முகத்தில் இல்லை. ஆளுக்கொரு மிட்டாயோடு வெளியே வந்தோம்.

அன்று மாலை, ஓரியன்டேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்த மகளைச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து, அரையை மூன்றில் ஒன்றால் வகுக்கச் சொன்னேன். அவள் கை தானாகப் பையில் கால்குலேட்டரைத் தேடியது. "அது வேண்டாம் கண்ணு," என்றேன். காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐ யூஸ்டு டு நோ திஸ்," என்றாள். ஆறாம் வகுப்பில் நான்தான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நான் அவளுடைய நோட்டைத் திறந்து பார்க்கவில்லை. கார்டில் ஏ இருந்தது, நான் கையெழுத்துப் போட்டேன். எம்.எஸ்ஸி. கணிதம்.

கோடையில் எங்கள் கல்லூரியிலேயே அந்த வகுப்பை முடித்துவிட்டால் யுனிவர்சிட்டியில் மறுபடி உட்கார வேண்டாம் என்று விசாரித்து அறிந்தேன். "உங்க காலேஜா? யாராவது பார்த்தா?" என்றார் என் கணவர். பார்க்கத்தான் செய்தார்கள். முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது, கூடப் படித்தவர்கள் பத்துப் பேருக்கு மேல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பட்டமளிப்பு விழாவில் அழுது கட்டிப்பிடித்து விடைபெற்றவர்கள் மூன்றே வாரத்தில் பழையபடி ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். பார்ட்டியில் எங்கள் கேக்கைச் சாப்பிட்ட தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தியும் இருந்தாள். அவளுடைய அம்மா பார்க்கிங்கில் என்னைக் கண்டதும், "சும்மா, டைம் பாஸுக்கு ஒரு கிளாஸ் எடுக்கறா," என்றார். "எங்களுதும் அப்படித்தான்," என்றேன்.

பாடம் நடத்தியது பிக்கப் டிரக்கில் வந்திறங்கும் ஓர் இளம்பெண். எதற்கும் கூடுதல் மதிப்பெண் தரமாட்டார், திருத்தி எழுதவும் விடமாட்டார். முதல் சோதனையில் மகள் நாற்பத்தொன்று வாங்கினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஃப்ரீவேயைப் பார்த்தபடி இருந்தாள். கேரேஜில் காரை நிறுத்தியதும், "அம்மா, வொய் டிட் நோபடி டெல் மீ?" என்றாள். "உன்கிட்ட மட்டுமில்ல, எனக்கும் யாரும் சொல்லல," என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மையில்லை. எனக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். "நான் பார்த்திருக்கணும்," என்றேன்.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் கல்லூரி நூலகத்தில் இருவரும் உட்கார்ந்தோம். எரிந்து விழுந்தாள், பென்சிலை எறிந்தாள், மறுநாளும் வந்தாள். ஆகஸ்டில் பி வாங்கித் தேறினாள். மதிப்பெண் தாளை அப்பாவிடம் நீட்டியபோது அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பி ஆ? பேபி மேத்னுதானே சொன்ன, ஏன் ஏ வரல?" என்றார். அவள் அடக்க முடியாமல் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவர் என்னைக் கேட்டார்.

யுனிவர்சிட்டியில் முதல் செமஸ்டர் முடிந்து கால்குலஸில் சி வந்தது. போனில் என்னிடம் மட்டும் சொன்னாள். ஒவ்வொரு கணக்கையும் தானே போட்டதாகவும், டாக்டர் படிப்பைப் பற்றி மறுபடி யோசிக்கப்போவதாகவும் சொன்னாள். அவள் குரலில் அழுகை இல்லை. போனை வைத்ததும் என் கணவர் படிப்பு எப்படிப் போகிறதாம் என்று கேட்டார். நன்றாகப் படிக்கிறாள் என்றேன். நான்கு வருடத்தில் முதல் தடவையாக, தெரிந்து சொன்னேன்.