பாப்பாரப்பட்டிக் குட்டி இன்ஜின்

காலை ஏழரைக்குத் தருமபுரியில் பாப்பாரப்பட்டி டவுன் பஸ் ஏறினேன். இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. அதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. குவாரிகளிலும் ஆலைகளிலும் சுமை இழுத்த குட்டி டீசல் இன்ஜின்களைத் தேடிப்போய்ப் படம் எடுப்பது என் பைத்தியம். மூடிய குவாரி ஒன்றில் கிடக்கும் இன்ஜினை இன்று வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெங்களூரிலிருந்து ஓடிவந்தேன்.

பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாள், மடியில் தூக்குச்சட்டியோடு. பெயர் சாலம்மா. குவாரி இருந்த இடத்தில் அதன் முதலாளி இப்போது கல் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறாராம்; அங்கே பெருக்கும் வேலை.

"இன்னிக்கு வேலைக்கில்லீங்க, வேடிக்கை பாக்கப் போறேன். அந்த இன்ஜினோட முன்சக்கரம் ஏறித்தான் எங்க வூட்டுக்காரரு செத்தாரு. பிரேக் புடிக்கலன்னு எத்தன வாட்டி சொன்னாரு, யாரு கேட்டாங்க? தெனமும் அது மூஞ்சியில முழிச்சுத்தான் பெருக்கறேன். அறுக்கறதக் கண்ணால பாத்துட்டா போதுங்க. சோறுகூட கட்டிட்டு வந்துட்டேன்."

நான் கேமராப் பையைக் காலால் இருக்கைக்கு அடியில் தள்ளினேன்.

எட்டரைக்குப் பட்டறை. இரண்டடி அகலத் தண்டவாளத்தில் நாலே சக்கரம், ஆள் உயரம், வெளிறிய மஞ்சள். அழகாக இருந்தது, என்ன செய்ய! தருமபுரிப் பழைய இரும்பு வியாபாரி பாய், கேஸ் கட்டரோடு தயாராக நின்றார். சாலம்மா நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்காகவா பெங்களூர்லருந்து வந்தீங்க?" என்றார் முதலாளி. கேட்டதுதான் தாமதம், இந்த இன்ஜின்கள் எவ்வளவு அபூர்வம், வெளிநாட்டுக்காரர்கள்கூடத் தேடி வருகிறார்கள் என்று அளந்து தள்ளினேன். அந்தம்மாள் அங்கே இருப்பதே மறந்துபோனது.

முதலாளி கையைத் தூக்கினார். "பாய், நிறுத்துங்க. பெயின்ட் அடிச்சு கேட்டாண்ட வெச்சா நம்ம கம்பெனிக்கு ஒரு பேரு."

பாய் உச்சுக்கொட்டிவிட்டுக் குழாயைச் சுருட்டினார். அப்போதுதான் நிழல் பக்கம் பார்த்தேன். "இந்தம்மா வீட்டுக்காரர் இதில்தான்..." என்று இழுத்தேன்.

"அது எந்தக் காலத்துக் கதைங்க, டீ சாப்புடுங்க" என்றவர், நிழல் பக்கம் திரும்பினார். "சாலா, நாளைக்குள்ள இத நல்லா தேச்சுக் கழுவி வெச்சிரு."

டீயைத் தொடாமல் கிளம்பினேன். என் சுவரில் மாட்டியிருக்கும் இன்ஜின் படங்களில் எதிலும் ஓர் ஆள் கிடையாது. வெறும் இன்ஜின்தான் வேண்டுமென்று ஆட்களை நானே ஒதுங்கச் சொல்லி எடுத்தவை.

கேட்டுவரை பின்னாலேயே வந்த சாலம்மாவின் கையில் தூக்குச்சட்டி திறக்காமலே இருந்தது. திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"சார், முன்சக்கரத்தயும் நானேதான் கழுவணுங்களா?"