மஞ்சள் துணியில் முடிந்த நவதானியம்

நாற்பது அடி. செவ்வந்தி கூட்டிப் பெருக்கும் கண்டெய்னரின் நீளம் அது. ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய் நார் ஆலையில் அவளுக்கு வேலை. சீனாவுக்குப் போகும் பெட்டி வந்து நின்றதும் உள்ளே ஏறி, மூலை முடுக்கெல்லாம் கூட்டி, ஒரு விதை, ஒரு புழு, ஒரு சருகு இல்லை என்று அவள் சொன்ன பிறகுதான் நார்க்கட்டுகள் ஏறும். ஏற்றி முடிந்ததும் ‘சுத்தம்’ என்று கையெழுத்துப் போடுவதும் அவள்தான். பத்தாவது வரை படித்தவள். அந்தக் கையெழுத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மாசி மாதத்தில் வடசீன வியாபாரி ஒருவருக்கு முதல் லோடு தயாரானது. செவ்வந்தி கையெழுத்துப் போட்டாயிற்று. கதவைச் சாத்தப் போகும்போது முதலாளி தம்பிதுரை திருநீறு பூசிக்கொண்டு வந்தார். கையில் மஞ்சள் துணியில் முடிந்த நவதானியம்.

“உள்ளுக்குள்ள வேண்டாங்க சார். வெளியில பூசணிக்கா சுத்தி ஒடச்சுப்போட்டு அனுப்பலாங்க,” என்றாள் செவ்வந்தி.

“நீ சும்மா இரு அம்மணி. போன வருசம் வந்த சீனாக்காரரு நம்ம பூசையில நின்னு அவரே ஊதுபத்தி கொளுத்துனாரே, பாத்தயல்ல? அவிங்களும் நம்மாளுங்க மாதிரித்தான்.”

அவர் தென்சீனாக்காரர். தன் கிடங்கிலேயே ஆரஞ்சுப் பழம் வைத்துக் கும்பிடுகிறவர். அந்த ஒருவரை வைத்து அத்தனை பெரிய நாட்டையும் அளந்துவிட்டார் தம்பிதுரை. கதவோரத்து நார்க்கட்டில் முடிச்சைத் தொங்கவிட்டார். லாரி கிளம்பியது.

கடல் தாண்டுவதற்குள் முடிச்சு அவிழ்ந்தது. பெட்டி வேர்த்து வடிந்த ஈரத்தில் தானியம் முளைத்தது. துறைமுகத்தில் கதவைத் திறந்த அதிகாரிகள் எடுத்த படம் ஆலை ஆபீசுக்கு வந்து சேர்ந்தது: நார்க்கட்டின் மேல் வெள்ளை வெளேரென்று முளைவிட்ட பாசிப்பயறு. வெளிநாட்டு விதை உள்ளே வரக்கூடாது, பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வியாபாரி ஒன்றுதான் கேட்டார். இது யார் செய்த தவறு, அவர்மேல் என்ன நடவடிக்கை?

தம்பிதுரை செவ்வந்தியைக் கூப்பிட்டு அனுப்பினார். மெயில் அனுப்புகிற மோகனப்பிரியா கம்ப்யூட்டரை விட்டுத் தலை நிமிரவில்லை.

“சும்மா பேருக்குத்தான் செவ்வந்தி. நீ சரியாப் பாக்காம உட்டுட்டே, வேலைய உட்டு நிறுத்தியாச்சுன்னு எழுதிப்போடறோம். ரெண்டு மாசம் ஊட்டுல இரு, அப்பறம் வா.”

“கட்டுனது நீங்கதானுங்களே சார்?”

“நான் இல்லீன்னா சொன்னேன்? ஓனரே வெதயத் தொங்கவுட்டான்னு எழுதுனா கம்பெனி மானம் என்னாகறது?”

“மானம் கம்பெனிக்கு மட்டுந்தான் இருக்குதுங்களா?”

தம்பிதுரை சிரிக்கப் பார்த்தார். “அட, சீனாவுல உன்னைய ஆருக்குத் தெரியும்?”

“தெரியாத ஊருன்னா திருடின்னு சொல்லலாமுங்களா?”

செவ்வந்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் அப்பா இதே குடும்பத்தின் தென்னந்தோப்பில் கூலி வேலை செய்தவர். தோப்பில் எது காணாமல் போனாலும் முதலில் அடிபடுகிற பேர் அவருடையதுதான். அவரும் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். இப்போது தோப்பு ஆலையாகிவிட்டது, சரக்கு கப்பலேறுகிறது, பழி மட்டும் அதே வீட்டுக்கு நடந்து வருகிறது.

“எழுதாதீங்க சார். நான் ஒத்துக்கமாட்டேன்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலமே மெயில் போய்விட்டது. பஸ் ஸ்டாப்பில் மோகனப்பிரியாதான் சொன்னாள். “அக்கா, டைப் அடிச்சது நாந்தானுங்க. என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?”

“கட்டுனது ஆருன்னு நீ பாத்தேயில்ல கண்ணு?”

“ஆபீஸ் சன்னல்ல இருந்து பாத்தேனுங்க்கா.”

“அத மறந்துபோடாத.”

அடுத்த வாரம் செவ்வந்தி பக்கத்து ஆலைக்கு வேலை கேட்டுப் போனாள். கேட்டிலேயே மேஸ்திரி மறித்தான். “எங்க பெட்டியிலயும் வெள்ளாமை பண்ணிருவியா?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாருக்குத் தெரியும் என்றாரே முதலாளி! சீனாவில் தெரிந்ததோ இல்லையோ, ஆனைமலை பூராவும் தெரிந்திருந்தது.

கூட வேலை பார்த்த காளியாத்தாள் வீட்டுக்கு வந்து வாய்விட்டுத் திட்டினாள். “நம்ம ஊர்லயே அந்தத் தெருச் சாமி வேற, இந்தத் தெருச் சாமி வேற. அத்தாப் பெரிய தேசம் பூராவும் ஒரே மாதிரிக் கும்புடும்னு நெனச்சானாக்கும் அந்தாளு? நீ பேசாம மாசாணியம்மனுக்கு மொளகா அரச்சுப் பூசிட்டு வாடி. பொய் சொன்னவனுக்கு எரியட்டும்.”

“ஆத்தா பாத்துக்குவா, அது வேற. எம்பேரக் கெடுத்தது காயிதத்துல. காயிதத்துலதான் அழிக்கோணும்.”

மறுநாள் கோவைக்குப் பஸ் ஏறி, தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். அதில் இரண்டு கோரிக்கைகள். வேலையை விட்டு நிறுத்தியது செல்லாது என்று சொல்லவேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதி, அதே வியாபாரிக்கு முதலாளி இன்னொரு மெயில் அனுப்பவேண்டும். இரண்டாவதைப் படித்த எழுத்தர், “இப்படியெல்லாம் யாரும் கேட்டதில்லையேம்மா,” என்றார். “நான் கேக்கறனுங்க,” என்றாள்.

தம்பிதுரைக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. சாட்சியாக மோகனப்பிரியாவின் பேரைக் கொடுத்திருக்கிறாள் செவ்வந்தி. விசாரணை ஜூலை ஒன்பதாம் தேதி, காலை பதினொரு மணிக்கு.