அமலி சிஸ்டரின் ஏழு சுற்று

அமலி சிஸ்டருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. நாகர்கோவிலிலிருந்து நர்ஸ் வேலைக்கு டெல்லி வந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, எதிலும் முதலாவதாக வந்ததில்லை. அதனால் ஜனக்புரி குடியிருப்புச் சங்க அறையில் இந்துஜா, "ஆன்ட்டி, நம்ம க்ரூப்லயே உங்க வீடுதான் ஃபர்ஸ்ட்" என்றதும், எழுந்து நின்று எல்லோருக்கும் வணக்கம் வைத்தார்.

புகையைக் குறைத்து வாழப் பழகுவதற்காகப் பத்துக் குடும்பங்கள் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் கூடிய வகுப்பு அது. நடத்தியவள் குருகிராமில் ஐ.டி. வேலை பார்த்த இந்துஜா. பெட்ரோல், மின்சாரம், காஸ் எவ்வளவு ஆகிறது என்று கேட்டு, எந்த வீடு எவ்வளவு கரியமில வாயுவை வெளியே விடுகிறது என்று பார்த்திருந்தாள்.

"அது வந்து ஆன்ட்டி... ஜாஸ்தி புகை உங்க வீட்லதான்."

கூப்பிய கையோடு நின்ற அமலிதான் முதலில் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. சிரித்த வேகத்தில், "இனி ஆஸ்பத்திரிக்குக் காருல போவமாட்டேன். சைக்கிள்லதான்" என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி மூன்று கிலோமீட்டர். தினமும் காரில் கொண்டுபோய் விடுபவர் அவர் கணவர் சத்தியசீலன். வெளியே வந்ததும் கேட்டார்.

"ஒனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுல்லா?"

"அதத்தான் நானும் யோசிக்கேன்."

இந்துஜா தன் பழைய சைக்கிளைக் கொடுத்தாள். விடிந்ததும் பூங்காவில் பயிற்சி. வகுப்புக்காரர்கள் முறைபோட்டுப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அமலி இரண்டு முறை விழுந்தார். முழங்கைக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்டார். மூன்றாவது வாரம் ஒரு காலை, சத்தியசீலன் கையை எடுத்ததே தெரியாமல் சைக்கிள் தானாக ஓடியது.

ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏ அமலி, நிறுத்து."

"எறங்கச் சொல்லித் தரலியே நீங்க."

பூங்காவின் ஒரு மூலையில் சிரிப்புப் பயிற்சி செய்பவர்கள் கையைத் தூக்கி வரவழைத்த சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அமலி இரண்டாம் முறை அவர்களைக் கடந்தபோது அது நிஜச் சிரிப்பாகிவிட்டது. நான்காம் சுற்றில் எண்ண ஆரம்பித்தார்கள். ஐந்தாவதில் சத்தியசீலன் மூச்சிரைத்து பெஞ்சில் உட்கார்ந்தார். அமலிக்கோ வயிறு வலிக்கச் சிரிப்பு. முகத்தில் அடித்த காற்றில் கண்ணீர் காதுவரை போனது. இப்படியே வீடுவரை, நாகர்கோவில்வரை போய்விடலாம் போலிருந்தது. ஏழாவது சுற்றில் சத்தியசீலன் வழியில் வந்து கையை விரித்து நின்றார். அமலி அகப்பட்டதையெல்லாம் அழுத்தினார். ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது.

"பிரேக்கு நல்லாத்தான் பிடிக்கி" என்றார் அமலி.

திங்கட்கிழமை வேலைக்குச் சைக்கிளில் போனார். பாதுகாப்புக்கென்று சத்தியசீலன் பின்னாலேயே காரை ஊரவிட்டு ஓட்டிவந்தார். விஷயம் தெரிந்து இந்துஜா தலையில் கைவைத்துக்கொண்டாள். "அங்கிள், இப்ப புகை இன்னும் ஜாஸ்தி."

புதன்கிழமை அவரும் ஒரு சைக்கிள் வாங்கி வந்தார். இப்போது காலை ஷிஃப்டுக்கு இருவரும் சேர்ந்தே போகிறார்கள். சாலை காலியாக இருந்தாலும் அமலி மணி அடிப்பதை நிறுத்துவதில்லை.