ரேணுகா அக்காவின் கால்கள்

ரேணுகா அக்கா இறந்த செய்தி எங்கள் கல்லூரி அலுவலர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழரைக்கு வந்தது. மாரடைப்பு. வயது ஐம்பத்தொன்று. கைகூப்பிய படங்களுக்கு நடுவே ஒருவர், ‘உடம்பைக் கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்’ என்று எழுதியிருந்தார். எட்டுப் பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். அவர்களுக்காகவும் அக்காவைத் தெரிந்த மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அவருடைய தம்பியிடம் கேட்டேன். “எழுதுங்க. மறைச்சு என்ன கண்டோம்” என்றார்.

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் கல்லூரி நூலகத்தில் பதினான்கு வருடம் அவரும் நானும் எதிரெதிர் மேசை. புதிய புத்தகங்களுக்கு எண் போடும்போது, தன் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் முணுமுணுத்து எண்ணுவார். முன்பெல்லாம் யாருமில்லாத அறையில் யாரோ தன்னைத் திட்டும் குரல் அவருக்குக் கேட்கும். அதை நிறுத்தியது மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரைதான். அலுவலகத்தில் இது எனக்கு மட்டுமே தெரியும்.

மருத்துவர் மாத்திரையை மாற்றிய வருடம் உடம்பு ஏறத் தொடங்கியது. “நாலு தடவை ஜாக்கெட்டப் பிரிச்சுத் தச்சுட்டேன் செல்வி. பசி வயித்துல இல்ல, மண்டைக்குள்ள இருக்கு. கை கழுவும்போதே மறுபடி பசிக்குது” என்றார். ஆசிரியர் தினத்தன்று வடை பரிமாறியவர், அக்காவின் தட்டில் மட்டும் பாதியைப் பிட்டு வைத்து, “உங்களுக்கு இம்புட்டுப் போதும்க்கா” என்றார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். மறுநாளிலிருந்து முட்டை, மீன், பால் எல்லாவற்றையும் அக்கா நிறுத்தினார். ரசம் சோறு மட்டும். எடை குறையவில்லை.

பிறகு பாதங்கள் மரத்துப்போயின. செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து வருவார். ஒருநாள் திருநகர் நிறுத்தத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தார். கூட இறங்கிய நான்தான் தூக்கிவிட்டேன்.

அந்த வாரமே மனநல மருத்துவரிடம் துணைக்குக் கூப்பிட்டார். “நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ பார்த்தவ, சொல்லு.” மருத்துவர் என்னைப் பார்த்தே பேசினார். “இவங்க முன்னாடியும் இப்படி இல்லாததெல்லாம் சொல்லிருக்காங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?”

அக்கா குறுக்கிட்டார். “கால் என்னோடது டாக்டர். என்கிட்ட கேளுங்க.”

அவர் கேட்கவில்லை. படித்தவர், இத்தனை வருடமாகப் பார்க்கிறவர், அவருக்குத் தெரியாதா என்று நினைத்தேன். “கொஞ்சம் கற்பனை உண்டு டாக்டர்” என்றேன். மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். எடை பார்க்கவில்லை, ரத்தம் எடுக்கச் சொல்லவில்லை.

பஸ்ஸுக்கு நின்றபோது, “நான் விழுந்தத நீ பார்த்தேல்ல” என்று மட்டும் அக்கா கேட்டார். நான் பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தேன்.

எட்டு மாதம் கழித்து, சமயநல்லூரில் ஒரு பொது மருத்துவரிடம் தனியாகப் போயிருக்கிறார். பரிசோதனையில், முட்டை, மீன், பாலில் கிடைக்கிற வைட்டமின் பி12 மிக மிகக் குறைவு, அது குறைந்தால் கால் மரத்துப்போகுமாம்; டி-யும் குறைவு, சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. அந்தத் தாளை என் மேசையில் வைத்தார். “இப்ப காகிதம் சொல்லுது. இத நம்புவேல்ல.”

இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே எடையையும் ரத்தத்தையும் பார்த்து வந்திருக்க வேண்டும் என்றாராம் அந்தப் பொது மருத்துவர். “மாத்திரைய விட்டுறாதீங்க, கூடவே இதையும் பார்ப்போம்னாரு. அம்புட்டுத்தான். இதச் சொல்ல இத்தன வருஷமா ஒருத்தருக்கும் வாய் வரல” என்றார் அக்கா. அந்த மனநல மருத்துவர் மீது எனக்கு எழுந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அவரை நம்பித்தான் நான் அக்காவைக் கைவிட்டேன்.

ஊசி போட்ட பிறகு நடை கொஞ்சம் தேறியது. ஆனால் பாதங்களில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. சர்க்கரையும் கடைசிவரை கட்டுக்குள் வரவில்லை.

அக்கா என்னை மன்னித்துவிட்டார் என்று எழுதத்தான் கை போகிறது. அந்தத் தாளுக்குப் பிறகு இந்த இரண்டு வருடமும் வேலையைப் பற்றிப் பேசினோம், சிரிக்கவும் செய்தோம். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில், “நானும் வரவாக்கா?” என்று கேட்பேன். “வேணாம் செல்வி, கோயம்புத்தூர்லருந்து தம்பி வாரான்” என்பார்.

தகனம் முடிந்த மறுநாள் தம்பியிடம் அதைச் சொன்னேன். அவர் விழித்தார். “நானா? நான் ஒரு தடவகூட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதில்லையே.”

உணர்ச்சியற்ற அந்தப் பாதங்களோடு தனியாகவே பஸ் ஏறியிருக்கிறார். என்னைக் கூட்டிப்போவதைவிட அது அவருக்கு மேலாகப் பட்டிருக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ‘வேணாம்’தான்.