இருபத்து மூன்று தப்பு

இராஜரத்தினம் சேர் பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர். அவரைப் பெரிய மனிதர் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன், அதுவும் அவரிடம் கேட்காமல். கேட்டிருந்தால், "உதெல்லாம் தேவையில்லாத வேலை பிள்ளை" என்று குடையை எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

என் பெயர் றம்ஸியா. பிலிமத்தலாவையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய அச்சகமொன்றில் கணினியில் எழுத்துக் கோக்கிறேன். கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், பாடசாலை மலர் எல்லாம் செய்வோம். புத்தகம் எப்போதாவது வரும். அப்படி வருகிறவற்றில் பாதி சேருடையவை.

அவருக்குச் சொந்த ஊர் சாவகச்சேரி. இருபத்தைந்து வயதில் தபால் அதிபராக மலைநாட்டுக்கு வந்தார். இடமாற்றம் இடமாற்றமாகச் சுற்றி, கடைசியில் பேராதனையில் வீடு வாங்கித் தங்கிவிட்டார். மனைவி பத்மாதேவி ஆறு வருடங்களுக்கு முன் காலமானார். மகள் மெல்பேணில். ஓய்வு பெற்ற நாளிலிருந்து கண்டித் தமிழரில் பேர்போனவர்களைத் தேடித் தேடி எழுதுகிறார்: பாடசாலை அதிபர்கள், ஒரு நில அளவையாளர், இரண்டு வைத்தியர்கள், ஒரு வயலின் ஆசிரியை. ஐந்து தொகுதி வந்துவிட்டது. ஒவ்வொன்றும் முந்நூறு பிரதி, விற்பதைவிடக் கொடுப்பதுதான் கூட.

சும்மா சொல்லக் கூடாது, வாசிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எல்லாருக்கும் ஒரே அச்சு: பிறப்பு, கல்வி, பதவி, பணி, மறைவு. எல்லாரும் எளிமையே உருவானவர்கள். அப்படியானால் இந்த ஊரில் ஆடம்பரம் செய்தது யார் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வயலின் ஆசிரியையின் முதலெழுத்து 'வே'யா 'வை'யா என்று பார்ப்பதற்காக மாத்தளைக்கு இரண்டு தரம் போய் வந்த மனிதர் அவர். அவருடைய இரண்டாம் தொகுதியைப் படித்துவிட்டுத்தான் ஒரு பாடசாலை, தன் மண்டபத்துக்கு மறந்துபோன பழைய அதிபரின் பெயரை வைத்தது. திறப்பு விழாவுக்கு இவரை அழைக்க மறந்துவிட்டார்கள். இவர் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்.

மொழி விஷயத்தில் அவர் பொல்லாதவர். முதல் புத்தகத்தின்போதே ஒரு தாளில் சொற்களை எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டிவிட்டார். நாற்காலி என்று வந்தால் கதிரை. ஜன்னல் என்று வந்தால் யன்னல். தப்பு என்று வந்தால் பிழை. "எங்கடை புத்தகம் எங்கடை தமிழிலை இருக்க வேணும்" என்பார். நானும் அலுத்துப்போய் அந்தப் பட்டியலைக் கணினிக்குள் போட்டு வைத்தேன். புத்தகம் முடிந்ததும் ஒரு விசையைத் தட்டினால் போதும், எல்லா நாற்காலியும் கதிரையாகிவிடும். அந்தக் கெட்டித்தனத்துக்காக எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டதும் உண்டு.

ஆறாம் தொகுதியில் சேர் புதிதாக ஒன்று செய்தார். பட்டமோ பதவியோ இல்லாத ஒருவரைச் சேர்த்தார். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தப்பு அடிக்கும் சன்னாசி. தப்பு என்பது தோளில் தொங்கவிட்டு இரண்டு குச்சியால் அடிக்கிற வட்டமான தோல் வாத்தியம். தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்டுவதற்கும் அதுதான், மாசி மாதத்துக் காமன் கூத்துக்கும் அதுதான், சாவீட்டுக்கும் அதுதான். சன்னாசி கையில் எடுத்தால் கூத்தில் காமன் எரிகிற இடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிற ஆண்களே அழுவார்களாம்.

எண்பத்தைந்து வயது. எழுதப் படிக்கத் தெரியாது. சேரின் வரிசையில் உயிரோடு இருக்கிற முதல் ஆள் அவர்தான். பிறந்த திகதி தெரியாத முதல் ஆளும் அவர்தான். 'கொழுந்து மலையாகக் குவிந்த ஒரு மாதத்தில் பிறந்தார்' என்று எழுத வேண்டி வந்தது. சேர் தன் வாழ்க்கையிலேயே எழுதிய மிக அழகான வரி அது என்று நான் சொன்னேன். சேருக்கு உள்ளூர சந்தோஷம், ஆனால் அடிக்குறிப்பில் மன்னிப்புக் கேட்டார்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒரு முதலெழுத்துக்காக மாத்தளைக்கு இரண்டு தரம் போன மனிதர், சன்னாசியைப் பார்க்க ஒரு தரமும் போகவில்லை. சன்னாசியின் மகன் சதீஸ்குமார், தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். எல்லாக் கேள்வியும் தொலைபேசியில் அவரிடம்தான். ஏன் என்று கேட்டால் முழங்கால் வலி என்றார்.

புத்தகம் அச்சாகிக்கொண்டிருந்த வாரத்தில் சன்னாசிக்கு மூச்சு முட்டி, பேராதனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயம் களைத்துவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை கூட்டிப்போவதாக ஏற்பாடு. புத்தகம் வந்துவிட்டதா என்று அப்பா ஒவ்வொரு வேளையும் கேட்கிறார் என சதீஸ்குமார் போன் செய்தார். சேர் அன்று காலை ஒன்பது மணிக்கே அச்சகத்தில் நின்றார்.

முந்நூறும் கட்டி முடிந்து அடுக்கியிருந்தது. மேலே இருந்ததை எடுத்து, கையில் ஏந்தி எடை பார்த்தார், தபால்காரப் பழக்கம். பிறகு கடைசி அத்தியாயத்தைத் திறந்தார். புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

'பிழைக் கலைஞர் சன்னாசி' என்று தலைப்பு இருந்தது. கீழே, 'சிறு வயதிலேயே தந்தையிடம் பிழை அடிக்கக் கற்றுக்கொண்டார்.' அதற்கும் கீழே, 'அவருடைய பிழை இல்லாமல் அத்தோட்டத்தில் நல்லதும் கெட்டதும் நடந்ததில்லை.'

என் விசைதான். மெய்ப்பெல்லாம் பார்த்து முடித்த பிறகு, கடைசியாக நான் தட்டிய அந்த ஒரு விசை. எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று இடம். அல்லாஹ்வே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். வெட்கத்தில் காது சுட்டது.

உடனே ஒரு பிழைதிருத்தத் துண்டு அடித்துச் செருகிவிடலாம் என்றேன். சொல்லிக்கொண்டே தட்டினேன்: 'இந்நூலில் பிழை என வருமிடங்களைத் தப்பு எனத் திருத்தி வாசிக்கவும்.' தட்டியதை நானே வாசித்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. சேர் சிரிக்கவில்லை.

அவர் பையிலிருந்து கறுப்புப் பேனையை எடுத்து, கதிரையை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு 'பிழை'யாக வெட்டி மேலே 'தப்பு' என்று எழுதத் தொடங்கினார். பக்கம் முழுக்க வாத்தியார் கோபத்தில் தப்பு தப்பு என்று போட்டுத் திருத்திய பரீட்சைத் தாள்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவருக்கு வாசிக்கவே தெரியாதே சேர். நாங்க சரியா வாசிச்சுக் காட்டினா முடிஞ்சிது. யாருக்குத் தெரியப் போகுது?"

பேனை நின்றது.

"அந்தாளுக்கு வாசிக்கத் தெரியாதெண்ட துணிவிலை நான் முந்தியும் ஒரு வேலை செய்தனான், பிள்ளை" என்றார்.

அப்போதுதான் சொன்னார். எழுபத்திரண்டாம் ஆண்டு, ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு சின்னத் தபால் கந்தோரில் முதல் நியமனம். ஒரு மழை நாளில் சன்னாசி வந்தார். தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் கப்பலேறி இந்தியாவுக்குப் போன அண்ணனிடமிருந்து முதல் கடிதம். வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டார். என்ன வேலை செய்கிறாய் என்று சேர் விசாரித்தார். தப்பு அடிக்கிறேன் என்று பதில் வந்தது. சேரின் ஊரில் சாவீட்டுக்குப் பறையடிக்க வருகிறவர்கள் வாசல் படலைக்கு வெளியிலேயே நிற்பார்கள். அந்தப் புத்தியோடுதான் சேர் மலை ஏறியிருந்தார். உள்ளே வர வேண்டாம் என்றார். சன்னாசி வெளியே மழையில் நிற்க, யன்னல் வழியாகக் கடிதத்தை வாங்கி இரண்டு வரி வாசித்தார். நெருக்கமாக எழுதிய நான்கு பக்கக் கடிதம். மிச்சமும் இதுதான் என்று சொல்லி மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மாசியிலேயே காமன் கூத்தில் சன்னாசி தப்பு அடிப்பதைக் கேட்டார். கேட்ட பிறகு அந்த நான்கு பக்கமும் அவரை விட்டுப் போகவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது. என் பெரியப்பா ஒருவர் சவூதியிலிருந்து போடும் கடிதத்தை உம்மா அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிப்பித்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. உம்மாவுக்கு யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? பதினான்கு வருடமாக சேர் சேர் என்று மரியாதை கொடுத்த மனிதரை அன்று ஏறிட்டுப் பார்க்கவே பிடிக்கவில்லை. எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். திரும்பி வந்தபோது பதினேழாவது இடத்தில் இருந்தார். வேர்வை மூக்கு நுனியில் நின்றது. வயது எழுபத்தெட்டு. தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தேன். மிச்ச ஆறையும் நான் செய்யத் தாருங்கள் என்று கேட்டேன், தரவில்லை.

மாலை பார்வை நேரத்துக்கு இரண்டு பேரும் பேராதனை பஸ்ஸில் போனோம். புத்தகம் அவர் மடியில் இருந்தது.

வார்டின் கோடியில், யன்னல் பக்கத்துக் கட்டிலில் சன்னாசி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன மனிதர், கை மட்டும் பெரிது. சதீஸ்குமார் ஓடிவந்து சேருக்குக் கதிரை போட்டார். சேர் உட்காரவில்லை. புத்தகத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். சன்னாசி அதைத் திறந்து பார்த்து, அச்செழுத்துக்கு மேலே இதென்ன கறுப்புக் கறுப்பாக என்று கேட்டார். நான் என்னவோ சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். சேர் முந்திக்கொண்டு உள்ளதைச் சொன்னார். உங்கள் தொழிலின் பெயரைப் பிழை என்று அச்சடித்துவிட்டோம், கையால் திருத்திக் கொண்டுவந்திருக்கிறோம் என்றார். விசை தட்டியது நான் என்பதைச் சொல்லவே இல்லை. பட்டியல் தன்னுடையது என்று மட்டும் சொன்னார்.

சதீஸ்குமாரின் முகம் கறுத்தது. சன்னாசிக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, அடங்க நேரமெடுத்தது.

சேர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நின்றபடியே தபால் கந்தோர், மழை, யன்னல், கடிதம் எல்லாவற்றையும் சொன்னார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. "அது நான்தான் ஐயா. எழுபத்திரண்டாம் ஆண்டு. மன்னியுங்கோ" என்றார்.

சன்னாசி அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தார். யோசித்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. உண்மையாகவே முயற்சி செய்தார்.

"ஞாபகம் வரலீங்களே" என்றார். "அண்ணன் பதினாறு பதினேழு காயிதம் போட்டுச்சுங்க. வாசிச்சுக் குடுத்தவங்க எல்லாருமே ரெண்டு வரிதாங்க வாசிப்பாங்க. மிச்சத்த நாங்களா நெனச்சுக்குவோம். அதுல நீங்க எந்த ஐயான்னு எப்படிங்க எனக்குத் தெரியும்?"

குத்திக்காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. சேர் சங்கடப்படக் கூடாது என்றுதான் சொன்னார். ஐம்பது வருடத்துக்கும் மேலாக இந்த மனிதர் சுமந்த குற்றம், அந்த மனிதருக்கு அடையாளம் தெரியாத அளவுக்குச் சாதாரணம். சேர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார். புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, வாசிக்கத் தொடங்கினார்.

அத்தியாயம் பன்னிரண்டு பக்கம். ஐந்தாம் பக்கத்தில் பார்வை நேரம் முடிகிற மணி அடித்தது. மற்றவர்கள் எழுந்து போனார்கள். நேர்ஸ் எங்களை நோக்கி வந்தாள். நான் எழுந்து போய் அவளிடம் சிங்களத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் சேரைப் பார்த்தாள், கட்டிலில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறவரைப் பார்த்தாள், அடுத்த கட்டிலுக்கு மருந்து கொடுக்கப் போய்விட்டாள்.

சேர் அவசரப்படவில்லை. தப்பு என்று வந்த இடங்களிலெல்லாம் சத்தமாகவே வாசித்தார். அத்தியாயம் முடிந்தது, நிறுத்தவில்லை. அடிக்குறிப்புகளை வாசித்தார். நன்றியுரையை வாசித்தார். பின்பக்கத்தைத் திருப்பி அச்சகத்தின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், எழுத்துக் கோத்த என் பெயர் வரைக்கும் வாசித்தார்.

சன்னாசி கண்ணைத் திறந்தார்.

"முடிஞ்சிருச்சுங்களா?"

"ஓம் ஐயா" என்றார் சேர். "ஒரு வரியும் மிச்சமில்லை."