பூட்ஸுக்குள் ஒளித்த மிட்டாய்

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு தை மாதம் முழுவதும் இந்திய ராணுவம் என் சொல்லைக் கேட்டுத்தான் நடந்தது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ராணுவம் என்றால் ஒரே ஒரு ஆள். என் சொல் என்பதிலும் பாதி தில்லையம்மாளின் சொல். ஆனால் தை மாதம் என்பதில் மாற்றமில்லை.

அந்த ஒரு ஆளின் பெயர் தேவசகாயம். திட்டக்குடிப் பக்கத்துக்காரர். கம்பும் பருத்தியும் விளைகிற ஊர். கடல் என்பது அங்கே வானொலியின் வானிலைச் செய்தியில் மட்டும் வரும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு பட்டாளத்தில் சேர்ந்து, பாலம் கட்டும் பிரிவுக்குப் போய், காஷ்மீரத்துப் பனியாற்றிலும் அசாமின் வெள்ளத்திலும் பாலம் போட்டவர். இத்தனை ஊர் பார்த்தவர் சொந்த மாவட்டத்தின் கடலை முதன்முதலாகப் பார்த்தது, அது ஊருக்குள் வந்துவிட்டுத் திரும்பிப் போன பிறகுதான்.

கிள்ளையைத் தாண்டி, சுரபுன்னைக் காட்டின் ஓரத்தில், உப்பங்கழிக்கு அப்பால் ஒரு மீனவத் திட்டு. அதற்குப் போகிற நடைபாலத்தைச் சுனாமி பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. புதுப் பாலம் போட வந்த பிரிவில் தேவசகாயமும் ஒருவர். பாலம் எழும்பும் வரை மக்கள் போய்வர, கழியின் குறுக்கே ஒரு வடக்கயிற்றைக் கட்டினார்கள். படகில் நின்று அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்தே அக்கரை சேர வேண்டும். இழுக்கிற வேலை தேவசகாயத்துக்கு.

படகு தில்லையம்மாளுடையது. அவள் புருஷன் அய்யனாரை அலை கொண்டுபோயிற்று. படகை மட்டும் ஒரு மரத்தின் மேல் வைத்துவிட்டுப் போயிற்று. மரத்தின் உச்சியில் என்று நான் சொல்வேன். இடுப்பு உயரம்தான் என்பாரும் உண்டு. திட்டில் உடையாமல் மிஞ்சிய படகு அது ஒன்றே.

நான் தலைமையாசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். திட்டுப் பிள்ளைகளுக்குத் தார்ப்பாய்க் கொட்டகையில் பாடம் சொல்லச் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போவேன். முதல் நாள் காலையில் கழிக்கரைக்குப் போனபோதே சண்டை நடந்துகொண்டிருந்தது.

"எறங்குய்யா கீழ!" என்றாள் தில்லையம்மாள்.

"ஏங்க்கா?"

"பூட்ஸோட நிக்கிற? இது என்னா ஒங்க மிலிட்டரி லாரியா?"

"ஆர்டருக்கா. டூட்டியில பூட்ஸக் கழட்டக் கூடாது."

"ஒன் ஆர்டர அந்தப் பக்கமே வெச்சிட்டு வா. செருப்புக்கால் பட்டா எம் படவு நவுராது."

"இழுக்குறது நான். எப்படி நவுராமப் போவும்?"

"இழுத்துப் பாரேன்."

இழுத்தார். படகு அசையவில்லை. மறுபடி இழுத்தார். கயிறு முறுகியதே தவிர, படகு சாமி சிலைபோல நின்றது. கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அலைக்குப் பிறகு அந்தக் கரையில் சிரிப்பு எட்டிப் பார்த்தது அன்றைக்குத்தான். தேவசகாயம் வெட்கத்தோடு குனிந்து, பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்து, மறுபடி கயிற்றைப் பிடித்தார். படகு வழுக்கிக்கொண்டு போயிற்று. அந்த நேரத்தில் கடல் ஓதம் ஏறி அடிச்சேறு விட்டிருக்கும் என்று அறிவியல் ஆசிரியர்கள் சொல்லக்கூடும். நான் தமிழாசிரியை.

அன்றிலிருந்து அவர் வெறுங்கால் சிப்பாய். தை மாதத்துக் காலைகளில் கழியின் மேல் பனி படுத்திருக்கும். அதில் குடையை ஊன்றி வைத்தால் விழாமல் நிற்கும், நான் வைத்திருக்கிறேன். கரை தெரியாது, தண்ணீர் தெரியாது, கயிறு மட்டும் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள் போகும். அவர் அதைப் பிடித்து எங்களை வெள்ளைக்குள் இழுத்துக்கொண்டு போவார். எங்கேயோ ஒரு கொக்கு இறகடிக்கும். எல்லாரும் தூக்கத்தில் பேசுவதுபோல மெல்லப் பேசுவோம்.

"மிலிட்டரித் தம்பி, காஷ்மீர்ல மீன் இருக்கா?"

"இருக்குக்கா. ஐஸ் தண்ணியில கெடக்கும்."

"அப்ப ஐஸ்பெட்டி வாங்குற செலவு இல்ல. குடுத்து வெச்சவளுங்க."

ஒருநாள் பாதிக் கழியில் போகும்போது, கரையில் அவருடைய மேலதிகாரி சுபேதார் வருவதை யாரோ பார்த்துவிட்டார்கள். தேவசகாயத்துக்கு முகம் வெளுத்தது. தில்லையம்மாள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. பூட்ஸ் இரண்டையும் தூக்கித் தன் மீன்கூடையில் போட்டு மூடினாள். மற்றப் பெண்கள் அவர் காலைச் சுற்றிக் கூடைகளை நெருக்கி வைத்துக்கொண்டு, என்னவோ ஊர்க்கதை பேசுவதுபோல உட்கார்ந்தார்கள். சுபேதார் மலையாளத்துக்காரர். எங்களை உற்றுப் பார்த்தார். நான் என் தலைமையாசிரியைப் பார்வையை அனுப்பினேன். அவர் சல்யூட் அடித்தார் என்று சொல்ல ஆசை. தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அவர் போன பிறகு தில்லையம்மாள் பூட்ஸை எடுத்து, மீன்செதில் ஒட்டியிருக்கிறதா என்று கவிழ்த்துத் தட்டினாள். உள்ளேயிருந்து மிட்டாய்கள் கொட்டின. சிவப்பும் பச்சையுமாகச் சரிகைத்தாள் சுற்றியவை.

"என்னாய்யா இது? பூட்ஸுக்குள்ள முட்டாய்க்கடை வெச்சிருக்க?"

அவர் கயிற்றை இழுத்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, கயிற்றிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"பொண்ணு பொறந்திருக்குக்கா. அலை வந்த மறுநாளு."

"அடப்பாவி! சொல்லவே இல்ல?"

"எப்படிச் சொல்றது? இங்க ஒரு வீடு பாக்கியில்லாம அழுவுது. நான் முட்டாய நீட்டிக்கிட்டு நிக்கவா? வாங்குனது செதம்பரத்துல. கேம்ப்ல வெச்சா கேப்பாங்க. அதான்…"

 தண்ணீர் பலகையில் தட்டிக்கொண்டு வந்தது. தில்லையம்மாள் ஒரு மிட்டாயை எடுத்தாள். தாலி கழற்றிய கழுத்து இன்னும் வெளிறிக் கிடந்தது. தாளைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"இனிப்பாத்தான் இருக்கு," என்றாள். பிறகு மிச்சத்தை எல்லாருக்கும் கொடுத்தாள். பூட்ஸிலிருந்து விழுந்ததாயிற்றே என்று நான்கூட முகம் சுளிக்கவில்லை.

பிள்ளையை அவர் இன்னும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பாலம் முடிகிற வரை யாருக்கும் விடுப்பு இல்லை. முடிந்தவுடன் பிரிவு நேராக ரயிலேறி வடக்கே எல்லைக்குப் போகிறது. மறுபடி ஊர் வருவதற்குள் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிடும். கேட்டால் ஒருவேளை ஒருநாள் கொடுப்பார்கள். கேட்பதற்கு அவருக்கு வாய் வரவில்லை. மதியத்துக்கு மேல் பாலத்தில் பலகை அடிக்கிறவரும் அவர்தான். ஒவ்வொரு பலகையும் மகளிடமிருந்து அவரைத் தள்ளிக்கொண்டு போயிற்று. எங்களுக்கோ பாலம் வேண்டும், சீக்கிரம் வேண்டும். எங்களுக்குள் அதைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது.

"அவரு போவ முடியாதுன்னா, புள்ள வரட்டும்," என்றாள் தில்லையம்மாள். "படவுல யாரு வேணும்னாலும் ஏறலாம்ல?"

அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதோ பொய் சொல்லி அவர் வீட்டுத் தொலைபேசி எண்ணை வாங்கினேன். தில்லையம்மாளும் நானும் கிள்ளையில் ஒரு டெலிபோன் பூத்துக்குப் போனோம். மறுமுனையில் தேவசகாயத்தின் மனைவி ஜான்சியின் அம்மா. "அவ்ளோ சாவு விழுந்த கரைக்குப் பச்சப்புள்ளயத் தூக்கிட்டு வர்றதா? நீங்கள்ளாம் மனுசங்கதானா?" என்றார். நான் பேச ஆரம்பித்தேன். தாய்மை, தேசம், கடமை என்று வரிசையாக எடுத்துவிட்டேன். பூத்துக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் குரல் திட்டக்குடிக்குத் தொலைபேசி இல்லாமலே கேட்டிருக்கும் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். கடைசியில் அந்த அம்மா சம்மதித்தார்.

அவர்கள் வரவேண்டிய நாளில் கரையில் ஏகக் கூட்டம். நெய்வேலியிலிருந்து போர்வை கொண்டுவந்த பெண்கள், அலை வந்த இடத்தைப் பார்க்க வந்தவர்கள், அவர்களில் கைக்குழந்தைக்காரிகள் சிலர். ஜான்சி எப்படியிருப்பாள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பேரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்றால் பக்கத்திலேயே சுபேதார் நிற்கிறார்.

படகு வந்து அணைந்தது. வெளியூர்ப் பெண்கள் செருப்போடு ஏறப் போனார்கள். தில்லையம்மாள் ஒவ்வொருத்தியாக அதட்டிக்கொண்டிருந்தாள். அந்த அதட்டல் எட்டாத தூரத்தில் பின்னால் வந்த ஒருத்தி மட்டும், யாரும் சொல்லாமலே, தண்ணீர் ஓரத்தில் நின்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். மற்றக் கையில் துணிச்சுருள். பக்கத்தில் இருந்த வயதான அம்மாவை முழங்கையால் இடித்து, "கழட்டும்மா, படவுல போடக்கூடாதாம்," என்றாள்.

தில்லையம்மாள் என் கையைக் கிள்ளினாள். "இவதான்."

புருஷன் போனில் சொல்லாமல் திட்டக்குடிக்காரிக்கு இது எப்படித் தெரியும்?

தேவசகாயம் முன்பக்கம் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தார். நடுக்கழியில் பிள்ளை சிணுங்கியது. அவர் திரும்பினார். ஜான்சி துணியைக் கொஞ்சம் விலக்கினாள். படகு நின்றது. அவர் இரண்டு கையும் கயிற்றிலேயே இருந்தன. விட்டால் ஓதம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

"கயித்த எங்கிட்ட குடு," என்றாள் தில்லையம்மாள்.

"ரூல் இல்லக்கா."

"கயித்துக்கு ரூல் தெரியாது. குடு."

அவள் வாங்கிக்கொண்டாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, பிறகு மகளை வாங்கினார் அவர். அது அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. தில்லையம்மாள் இழுத்த இழுப்பில் ஒரு நத்தைகூட முந்திப் போயிருக்கும். அந்த மதியம் காற்று நின்றது, தண்ணீர் நின்றது, சுரபுன்னை வேர்களுக்கு மேல் கொக்குகள் பூத்த மாதிரி உட்கார்ந்திருந்தன. அக்கரை எங்களைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தது, கிட்டே வரவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் பொழுது சாயும் வரை என்பேன். சுபேதார் கரையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு, பாலத்தின் ஒரே ஒரு ஆணியை வெகுநேரம் சோதித்தார்.

பாலம் முடிந்த அன்று தேவசகாயம் பழக்கத்தில் பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இது ஒங்க பாலம். போட்டுக்கய்யா," என்றாள் தில்லையம்மாள். மாலையில் லாரிகள் போய்விட்டன.

போன வருஷம் சர்வீஸ் முடிந்து வந்துவிட்டார். இப்போது சிதம்பரத்தில் ஒரு வங்கி வாசலில் காவல். என் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் குடியிருப்பு. அந்த வருஷக் கடைசியில் 'தானே' புயல் அடித்தபோது தில்லையம்மாள் வந்து தங்கியது அவர்கள் வீட்டில்தான். மகள் அனுப்பிரியாவுக்குக் கழியில் போன கதையை ஆயிரம் தடவை நான் சொல்லியாயிற்று.

இதை எழுதி முடித்து, இட்லிமாவு வாங்க வந்த ஜான்சியிடம் வாசித்துக் காட்டினேன். மாவுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

"எல்லாம் சரி டீச்சர். ஆனா போன்ல நீங்க தேசம்னு ஆரம்பிச்சப்பவே எங்கம்மா வெச்சிட்டாங்க. திரும்ப அடிச்சது தில்லையக்கா. 'சாவு விழுந்த கரைதாம்மா. எம் புருசன் போன தண்ணிதான். அதப் பேசிப் பேசியே எங்க வாயி கசந்து கெடக்கு. ஒரு பச்சப்புள்ளயப் பாத்தா எங்களுக்குக் கொஞ்சம் ஆறும். அவருக்காக வேணாம், எங்களுக்காகத் தூக்கிட்டு வாங்க'ன்னாங்க. அப்பத்தான் அம்மா பையை எடுத்தாங்க."